ஜோடியில்லாத முத்திரை

சாத்தூர் செண்பகவல்லி முதுகில் ஒரு பையோடு, பஸ்ஸும் லாரியுமாக நாலு மாசமாய் நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது எல்லையில் ஓர் அதிகாரி மடக்கினார். எந்த நாடு என்று சொன்னால் வம்பு. நெஞ்சு நிறையப் பதக்கம் அவருக்கு.

"திரும்பிப் போற விமான டிக்கெட் எங்கே?"

"தரைவழியாத்தான் சார் போறேன். டிக்கெட் இல்லை."

"அப்போ எங்க நாட்டிலேயே தங்கிட மாட்டேன்னு நிரூபி. முடியலேன்னா வந்த வழியே போ."

வந்த வழியே போகவும் முடியாது. அங்கே விசா முடிந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

செண்பகவல்லி பாஸ்போர்ட்டை விரித்தாள்.

"நாலு நாட்டுக்குள்ளே நுழைஞ்ச முத்திரை இருக்கு. வெளியேறின முத்திரையும் நாலு இருக்கு. ஜோடி இல்லாம நிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், பாருங்க சார்."

அதிகாரி புரட்டிப் புரட்டி முதல் முத்திரைக்கு வந்தார். சென்னையில் விமானம் ஏறியபோது, நாட்டை விட்டு வெளியேறியதற்குக் குத்தியது. திரும்பி வந்ததற்கு முத்திரை எங்கேயும் இல்லை.

"இதை இப்படியே விட்டுட்டு உங்க ஊர்லே எனக்குத் தூக்கம் வருமா சார்?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டு எழுந்து வந்தார். பாஸ்போர்ட்டை நீட்டி, "உங்க வீடு எந்தப் பக்கம்?" என்று மெல்லக் கேட்டார்.

அவள் அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினாள்.

"நீங்க கொஞ்சம் நகர்ந்தா தெரியும் சார்."