கானாங்கோழிக்கு முகம் வெளுத்த கதை

பறவைகளும் நம்மைப் போலவே பெண் பார்த்து, சம்பந்தம் பேசி, மாப்பிள்ளை முகம் கோணாமல் விருந்து வைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கானாங்கோழிக்கு உடம்பில் இரண்டு நிறம் நிலைத்து நிற்பதில்லை. இளமையில் கன்னங்கரேல் என்று இருக்கும். வயது ஏற ஏற முகத்தில் தொடங்கி வால்வரை வெளுத்துக்கொண்டே போகும். வெளுத்தவளுக்குத்தான் அங்கே மரியாதை. கல்யாணப் பேச்சன்று இரு வீட்டார் மட்டும் கூடுவார்கள். பெண்ணைப் பெற்றவள் ஒரு நெல்மணியைக் கொத்தி எடுத்து மகளுக்கு ஊட்டுவாள். அப்படி ஊட்டினால்தான் பெண் தலைமுட்டையிடத் தாய்வீட்டுக்கு வரலாம். தாய் இல்லாத பெண்ணுக்கு மாமியார் ஊட்டுவாள். அதன்பின் அவளுக்குத் தாய்வீடு என்று ஒன்று கிடையாது.

ஒரு குளத்தங்கரையில் வடிவு என்று ஒரு கானாங்கோழி இருந்தாள். பேருக்கேற்ற அழகி. அது அவளுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். மகள் செவந்தி கல்யாணத்துக்கு நின்றபோது வடிவுக்கு முகமும் நெஞ்சும் வெளுத்து, முதுகிலும் நரை ஓடியிருந்தது. மற்றவர்கள் நரையைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்கள். இவளுக்கோ தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

“என்ன மதினி, தலையக் குனிஞ்சுக்கிட்டே போறிய?” என்று கேட்டாள் மீன்கொத்தி கோமு. ஊரில் யாருக்கு என்ன குறை என்று பார்ப்பதற்கென்றே கிளையில் உட்கார்ந்திருப்பவள். “நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரக வாராகளாமே. இந்தத் தலையோடயா நிக்கப் போறிய? வரப்புல கரிசலாங்கண்ணி மண்டிக் கெடக்கு. அரைச்சு, கருஞ்சேத்தோட கொழைச்சுப் பூசுங்க.”

“ஊட்டுறவ வெளுத்திருந்தாத்தான மரியாத?”

“பெத்தவ நான்தான்னு வாயால சொன்னாப் போதாதா? நரையா வந்து சொல்லணும்?”

அந்தப் பேச்சு வடிவுக்கு வசதியாக இருந்தது. முகத்துக்கும் நெஞ்சுக்கும் தானே பூசினாள். எட்டாத முதுகுக்கு மகள் அழுத்தி அழுத்திப் பூசிவிட்டாள். “நல்லாத்தான் இருக்கும்மா” என்றாள் செவந்தி.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பஞ்சாக வெளுத்தவள். வடிவைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பாக, “ஏம்மா, நீ பொண்ணுக்கு அக்காவா? ஒரே அச்சால்லா இருக்கிய!” என்றாள்.

வடிவு உச்சி குளிர்ந்துபோனாள். ‘பெற்றவள் நான்’ என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வந்தவர்கள் அத்தனை பேரும் அவளையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி யாரும் பார்த்து எத்தனை காலமாயிற்று! இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றிவிட்டது.

“ஆமா, அக்காதான்.”

“அப்போ பெத்தவ எங்க?”

ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய் வேண்டியிருந்தது. “அவ... இல்ல.”

“அப்படியா கண்ணு?” என்று பெண்ணிடம் திரும்பினாள் அந்த அம்மாள்.

செவந்தி தாயைப் பார்த்தாள். வடிவு தரையைப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் தாயைப் பொய்க்காரி ஆக்க அந்தப் பெண்ணுக்கு மனசு வரவில்லை.

“ஆமா அத்தை. அம்மா இல்ல. அக்காதான் என்னை வளத்தா.”

“அட என் தங்கமே, இனிமே நான்தான் ஒனக்கு அம்மா!” என்று மாமியார் நெல்மணியைக் கொத்தி ஊட்டினாள். செவந்தி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பெற்றவள் அக்காவாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நரைக்காகப் பட்ட வெட்கமெல்லாம் வெட்கமே இல்லை என்று வடிவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பெற்ற வயிறே கூசியது.

அன்றைக்கே பெண்ணை அக்கரைக்கு அழைத்துப் போனார்கள். “வாரேன்க்கா” என்றாள் செவந்தி. குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை. அதைத்தான் வடிவால் தாங்க முடியவில்லை.

குளத்தில் இறங்கி, முகத்தையும் நெஞ்சையும் கரைக்கல்லில் தேய் தேய் என்று தேய்த்தாள். சாயம் கரைந்து வெளுப்பு தெரிந்தது. முதுகு மட்டும் எட்டவில்லை, கறுப்பாகவே நின்றுவிட்டது. அந்தக் கோலத்திலேயே அக்கரைக்கு ஓடினாள். தாழம்புதரைத் தாண்டக் கால் எடுத்தவள் அப்படியே நின்றாள். அங்கே செவந்தி மாமியார் பக்கத்தில் இரை பொறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த முகத்தோடு போய் ‘நான்தான் பெத்தவ’ என்று நின்றால், புகுந்த வீட்டில் மகள் அல்லவா பொய்க்காரி ஆவாள்? வடிவு புதருக்குள்ளேயே பின்வாங்கி, அங்கேயே தங்கிவிட்டாள்.

நாளானதும் செவந்தி புருஷன் வீட்டுக் கரையிலேயே தலைமுட்டையிட்டாள். அன்று மழை கொட்டியது. இந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று வடிவு புதருக்குள்ளிருந்து வாய்விட்டுக் கத்தினாள். “நான்தான், நான்தான்” என்று தொண்டை வற்றும்வரை கத்தினாள்.

செவந்தியின் குஞ்சுகள் கன்னங்கரேலென்றுதான் பொரிந்தன. வளர்ந்ததும் எல்லாவற்றுக்கும் முகமும் நெஞ்சும் வெளுத்தன, முதுகு கறுப்பாகவே நின்றது. அன்று முதல்தான் கானாங்கோழிக்கு அந்தக் கோலம். ஆள் அரவம் கேட்டால் புதருக்குள் ஓடி ஒளிகிறது, மழை பிடித்தால் மட்டும், பெற்றவள் தான்தான் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.