திரும்பி வருவதற்கு அத்தாட்சி

வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவள் செல்லக்கனி. வெளிநாட்டில் போய்ப் பாடச் சிறு நிதியுதவி கேட்டுத் தேர்வுக்குழு முன் நின்றாள்.

குழுத்தலைவர் அவள் மனுவை மூக்குப்பொடி போலத் தட்டிவிட்டார். "உங்களை மாதிரி ஆளுங்களை அனுப்பினா அங்கேயே தங்கிடுவீங்க. திரும்பி வருவேன்னு இப்பவே, இங்கேயே நிரூபி. இல்லேன்னா கிளம்பு."

செல்லக்கனி கும்பிட்டாள். "சரிங்கய்யா, போயிட்டு வாரேன்."

"போயிட்டு வா" என்றார் தலைவர், பழக்கதோஷத்தில்.

அவள் நகரவில்லை. "போறேன்னா சொன்னேன்? போயிட்டு வாரேன்னு வாக்குக் கொடுத்தேன். நீங்களும் போயிட்டு வான்னு உத்தரவு கொடுத்துட்டீங்க. இத்தனை பேரு சாட்சி!"

உறுப்பினர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்தபடியே கையெழுத்தும் போட்டார்கள்.

தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் போறேன்!"

"ஐயையோ, அபசகுனமாப் பேசாதீங்க" என்றாள் செல்லக்கனி. "போயிட்டு வாரேன்னு சொல்லுங்கய்யா!"