வெள்ளைப் பூ காட்டிய சாட்சி

கொள்ளிடக் கரையில் மேலநல்லூர் தரும ஆஸ்பத்திரியில் மலச்சட்டி எடுத்தவர் அஞ்சலாட்சியார். சுற்றி வளைப்பானேன், அதுதான் அவருடைய தொழில். ஆண்கள் வார்டில் எழுந்திருக்க மாட்டாதவர்களுக்குச் சட்டி வைப்பார், எடுப்பார், துடைப்பார், படுக்கை மாற்றுவார். விடிந்ததும் வாய்க்கால் ஓரத்தில் ஒரு கை தும்பைப் பூ பறித்துப் பிணிதீர்த்தநாதர் கோயில் வாசற்படியில் வைத்துவிட்டு வேலைக்கு வருவார். உள்ளே போகமாட்டார். ஃபினாயில் வாடை என்று ஒருமுறை யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டதிலிருந்து படியோடு நின்றுவிட்டார்.

அவர் செய்த பூசையெல்லாம் வார்டில்தான். பக்கவாதத்தில் படுத்தவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடவேண்டும்; இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அஞ்சலாட்சியார் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே புரட்டுவார், துடைப்பார், தேங்காயெண்ணெய் தடவுவார். குடியிருப்பும் வார்டுக்குப் பின்னால் ஒரு சார்ப்புக் கொட்டகைதான் என்பதால் ஒரு முறையும் தவறியதில்லை. "ஆளப் பொரட்டுறியா, தேர் இழுக்குறியா?" என்று கம்பவுண்டர் கலியபெருமாள் கேலி செய்வார். அம்மையார் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்.

எட்டு வருஷத்துக்கு முன் அவருடைய கணவர் காலராவில் போனார். ஊசி போடத் தெரிந்த ஒருவர் அன்றைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்ன சொல் அம்மையார் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. அம்மையார் பத்தாவது தேறியவர்தான். எப்படியாவது நர்ஸ் படிப்புப் படித்துவிட வேண்டும் என்பதே அவர் நாதரிடம் கேட்ட ஒரே வரம். ஜில்லாத் தலைநகரில் நர்ஸ் பள்ளி இருந்தது. முப்பது வயது நிறைந்துவிட்டால் சேர்க்கமாட்டார்கள். அம்மையாருக்கு இருபத்தொன்பது முடியப் போகிறது. இந்த வருஷம் விட்டால் ஆயுசுக்கும் சட்டிதான்.

விண்ணப்பத்தோடு, தன்னை நன்கறிந்த இருவரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கி வைக்கவேண்டும். முதல் கடிதத்தை வார்டுத் தலைமை நர்ஸ் ரெஜினா சிஸ்டர் கேட்பதற்கு முன்பே எழுதித் தந்துவிட்டார். இரண்டாவதுக்கு ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர் ராஜமாணிக்கத்திடம் போகச் சொன்னார்கள். போனார். அவரும் நல்ல மனிதர்தான். "எழுதிட்டாப் போச்சு. பத்து வருஷமா தெரியும்னு போட்டுடறேன். உன் பேரு என்னம்மா?" என்றார். ஆறு வருஷமாக, அவர் வார்டைப் பார்வையிட வரும்போதெல்லாம் எதிரில் நடமாடியவர் அம்மையார். நாளைக்கு வருவதாகச் சொல்லித் திரும்பிவிட்டார்.

அவருக்கு மனதில் இருந்தவர் ஒன்பதாம் கட்டில் சிங்காரம். ஓடம் தள்ளியவர், பதினோரு மாதமாகப் படுத்த படுக்கை, பேச்சும் கிடையாது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். என்னை அறிந்தவர் யார் என்றால் இவர்தானே என்று அம்மையாருக்குத் தோன்றிற்று. தோன்றினால் போதுமா? வெள்ளைத் தும்பையை ஓடக்காரருக்கென்றும் செவ்வரளியைத் தலைவருக்கென்றும் நினைத்து, இரண்டு பொட்டலம் கட்டிக் கோயில் படியில் குலுக்கிப் போட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தது.

வார்டே சிரித்தது. "பெரிய மனுஷன் கையெழுத்த விட்டுட்டு வாயில்லாத ஆளுகிட்டப் போயா?" என்றார் கலியபெருமாள். ஆனால் சிங்காரத்திடம் சொன்னபோது அவர் கண்ணில் நீர் வந்தது. தான் எழுதி, அவர் கைநாட்டு வைத்தால் போதும் என்றார் ரெஜினா சிஸ்டர். ஓடக்காரர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். மூன்றாவது வரை படித்த படிப்பு, இடது கை, ஒரு நாளைக்கு இரண்டெழுத்து. 'இந்தப் பொண்ணு என் முதுகை' என்பது வரை வந்தது. மறுநாள் காலை கஞ்சி கொண்டு போனபோது உயிர் இல்லை.

அம்மையார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். கடிதத்துக்காக அழுதாரா, ஓடக்காரருக்காக அழுதாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திராது. சிங்காரத்தின் மனைவி சொர்ணம் வந்ததும் இருவருமாகச் சேர்ந்து உடலைக் குளிப்பாட்டினார்கள். புரட்டிப் பார்த்த சொர்ணம் வெகுநேரம் அந்த முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவுரு எழுதுன காயிதம் என்னாச்சு?"

"பாதியோட நின்னுடுச்சுக்கா. வெள்ளிக்கிழமை நர்ஸ் பள்ளிக்கூடத்துல கேப்பாங்க. விடுங்க, நீங்க இருக்குற நெலமையில அதுவா பெருசு."

ராஜமாணிக்கம் வெளியூர் போய்விட்டார். வேறு யாரையும் கேட்க நாளில்லை. அடுத்த நாள் தும்பைப் பூவோடு படியில் நின்ற அம்மையார், "நீதானே காட்டுன. காட்டிட்டு நீயே எடுத்துக்கிட்டியே" என்று வாய்விட்டுச் சொன்னார். கோபந்தான். ஆனாலும் பூவை வைக்காமல் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளியில் பாதிக் கடிதத்தைப் படித்த குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிரின்சிபால் அம்மாள் சிரிக்கவில்லை.

"கமிட்டித் தலைவர்கிட்ட வாங்கியிருக்கலாமே?"

"அவங்களுக்கு என் பேரு தெரியாதுங்கம்மா. இவுருக்கு என் கை தெரியும்."

"இவர் எங்கே?"

"செத்துட்டாருங்க."

ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்வதற்கில்லை, சட்டம் அப்படி என்று அந்த அம்மாள் வருத்தத்தோடு தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். அஞ்சலாட்சியார் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வாசல் இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம், மதிலோடு ஒட்டிக்கொண்டு சொர்ணம் நின்றார். புருஷன் போய் நாலாம் நாள். பிறந்த வீட்டார் போட்ட வெள்ளைக் கோடிப் புடவை இன்னும் கசங்கவில்லை. பதினாறு கழியுமுன் வாசலைத் தாண்டக் கூடாத உடம்பு, மூன்று பஸ் மாறி வந்திருந்தது.

"காலையிலேருந்து நிக்குறேன் தங்கச்சி. நல்ல காரியத்துக்கு வந்திருக்க. எதுர்ல வந்து கெடுத்துடுவேனோன்னு உள்ள வரல."

அந்த வெள்ளையைப் பார்த்த பிறகுதான் நாதர் காட்டிய பூ யாரென்று அம்மையாருக்கு விளங்கிற்று. சொர்ணத்தின் கையைப் பிடித்து, எல்லாரும் பார்க்க, நேராக உள்ளே அழைத்துப் போனார்.

பிரின்சிபால் எதிரில் சொர்ணம் உட்காரவில்லை. "அவுரு எழுத வந்தத நான் சொல்லிடறேன் தாயி. பதினோரு மாசம் கெடந்த முதுகு. கடேசியா நாந்தான் தண்ணி ஊத்தினேன். ஒரு ரணம் இல்ல, ஒரு கொப்புளம் இல்ல. பொறந்த புள்ள முதுகாட்டம் இருந்துச்சு. கட்டுன என்னால முடிஞ்சிருக்காது" என்றார். அதற்கு மேல் அழுகை விடவில்லை.

இருபது வருஷம் நர்சுகளைப் பழக்கிய அம்மாள் அவர். பதினோரு மாதம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். பேனாவை எடுத்து, ஓடக்காரர் விட்ட இடத்திலிருந்து சொர்ணம் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். கீழே சொர்ணத்தின் பெருவிரலைத் தானே மையில் தொட்டு வைத்தார். "சேர்த்துக்கோங்க" என்று குமாஸ்தாவிடம் தாளை நீட்டினார்.

தெருவில் சொர்ணத்தைப் பேசாத பேச்சில்லை. மாதக் கணக்கில் அவர் வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. அஞ்சலாட்சியார் மட்டும் விடுமுறை தோறும் போய் அவரோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டு வருவார். அழுகையும் அங்கேதான், சோறும் அங்கேதான். நர்ஸ் உடுப்புப் போட்ட பிறகும் ஒன்பதாம் கட்டிலைக் கடக்கும்போது ஐந்தெழுத்தைச் சொல்லாமல் கடந்ததில்லை.

தன்னை அறிந்தவரிடம் மட்டுமே தனக்காக ஒரு சொல் கேட்ட அம்மை அவர். பிணியாளர் முதுகிலே பிணிதீர்த்தநாதரைத் தொட்ட அந்தக் கைகளுக்கு நம்முடைய கும்பிடு.