நாகத்தை வென்ற கீரி மேடை ஏறியது

காட்டின் நடுவே நீர் வற்றிய ஒரு குளம் இருந்தது. அதன் அடியில் முள்ளம்பன்றி முட்களை நட்டு, கொடி சுற்றிக் கட்டிய குத்துச்சண்டை மேடை. சுற்றிலும் விலங்குகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடப் பேசவில்லை. ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை.

செவலை என்ற கீரி, காணாமல் போன தன் தம்பியைத் தேடி அங்கே வந்தது. தம்பி முன்வரிசையில் இருந்தது.

"டேய் குருணி! வீட்டுக்கு வாடா!"

குருணி திரும்பவே இல்லை. அதன் பக்கத்தில், ஒரு கீரி உட்காரும் அளவுக்கு யாரோ புதிதாகக் குழி பறித்து வைத்திருந்தார்கள்.

"அது உனக்குத்தான்" என்றது நடுவரான செம்போத்துப் பறவை. அதன் கண்கள் நெருப்பாய்ச் சிவந்திருந்தன. "இங்கே தோற்றவர் எழுந்து போவதில்லை. மேடையில் இருக்கும் அந்த உடும்பை யாராவது வென்றால் எல்லோருக்கும் விடுதலை."

"அவ்வளவுதானே! நாகத்தையே கடித்துக் கொன்றவன் நான்!"

"கடித்தால் தோற்றாய்! முன்னங்கால் குத்து மட்டும்தான்!"

உடும்பு பின்னங்கால்களில் எழுந்து நின்றது. "வாங்க மாப்பிள்ளை! இடம் தயாரா இருக்கு!"

செம்போத்து அடிவயிற்றிலிருந்து 'ஊப்... ஊப்...' என்றது. அதுதான் அங்கே மணி.

நாகம் தலையால் தாக்கும். அந்தப் பழக்கத்தில் செவலை உடும்பின் தலையையே பார்த்தது. அந்த முகமோ கல்லாக இருந்தது. குத்து எங்கிருந்தோ வந்து தாடையில் விழுந்தது. பின்வாங்கினால் முதுகில் முள் குத்தியது. ஓடி ஒளிந்து மூச்சு வாங்க இங்கே புதரும் இல்லை.

செவலை விழுந்தது. சுற்றியிருந்த விலங்குகள் சத்தமில்லாமல் நகர்ந்து, அந்தக் குழிக்குப் போக அதற்கு வழி விட்டன.

ஆத்திரத்தில் செவலை பல்லைக் காட்டியது.

"கடி! கடிச்சிடு!" என்றது உடும்பு, ஆசையாக.

அந்தக் குரலைக் கேட்டதும் செவலை வாயை மூடிக்கொண்டது. 'பல் இங்கே உதவாது. ஆனால் நாகத்தை அலைக்கழித்த கால்கள் என்னிடம்தானே இருக்கின்றன!' கீழே கிடந்தபடியே மேலே பார்த்தது. உடும்பு கை ஓங்குமுன் அதன் தோள் தோல் மெல்லச் சுருங்கியது.

செவலை எழுந்தது. இப்போது தோளை மட்டும் பார்த்தது. தோள் சுருங்கும், செவலை விலகும். உடும்பு காற்றைக் குத்திக் குத்திக் களைத்தது.

"ஓடாதே! ஒரே இடத்தில் நில்லுடா!"

"நாகமும் இதையேதான் கேட்டது!"

கை தாழ்ந்த நேரம் பார்த்து, தாடைக்கு அடியில் ஒரே குத்து. உடும்பு சாய்ந்தது.

குளம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது.

"அண்ணே!" என்றது குருணி. "ரொம்ப நேரமாக் கூப்பிடுறியா?"

எல்லா விலங்குகளும் கரையேறின. செவலை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பறித்து வைத்த அந்தக் குழியில் உடும்பு தானே போய் உட்கார்ந்து, கண் சிமிட்டாமல் காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

புதிய களத்தில் இறங்கும்போது, கற்றதில் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று அறிந்தவனே வெல்வான்.