காளான் குடை விரித்த காலை

அந்தக் காலத்தில், கறையானும் காளானும் பக்கத்து வீட்டுக்காரிகளாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, காளானுக்குக் குடை கிடையாது. விழுந்து கிடந்த மாமரத்துக்குள்ளே, இருட்டில், வெள்ளை நூல் நூலாகப் படர்ந்து கிடப்பாள். அவ்வளவுதான் அவள் உருவம்.

அந்த மரப்பொந்தில் தேனீக்கள் அடை கட்டியிருந்தன. சொட்டுகிற தேனை உறிஞ்சிக்கொண்டு சுகமாக இருந்தாள். மரத்தைத் தொட்டதே இல்லை.

"ஏன்க்கா, வீடு பூரா சோறா கெடக்கு. ஒரு வாய் தின்னா என்ன?" என்பாள் கறையான்.

"தேன் இருக்கையில கட்டையை எவ தின்னுவா? அதுக்குன்னு தனியா எச்சில் ஊறணும். உனக்குத்தான் பல்லு அரிக்குது, நீ தின்னு."

காளானின் மடியில் எண்ண முடியாத பிள்ளைகள். தூசியைவிடச் சின்னதுகள், ஆனால் எல்லாம் வளர்ந்துவிட்டவை. எங்கிருந்தாவது காற்று வந்தால் போதும், "அம்மா, நாங்க போறோம்!" என்று துள்ளும்.

அவளுக்கு நெஞ்சு பதறிவிடும். "போறோம்னு சொல்லாதீங்க! நல்ல வாயில அந்தச் சொல்லு வரலாமா?" என்று நூலால் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வாள்.

ஒரு கோடையில் தேனீக்கள் பறந்துவிட்டன. தேன் நின்றது. வேறு வழியில்லாமல் எச்சில் ஊறவைத்து, கட்டையைக் கரைத்துச் சாப்பிடப் பழகினாள். மழைக்காலம் வருவதற்குள் மரமும் பஞ்சுபோல் ஆகிவிட்டது. இனி கொஞ்சம்தான் மிச்சம்.

"அம்மா, பசிக்குது" என்று பிள்ளைகள் சுருண்டுகொண்டன.

"சாமி, எனக்குன்னு ஒண்ணும் வேண்டாம். இதுங்க என் மடியிலயே காஞ்சு போகக் கூடாது" என்று வேண்டிக்கொண்டு, பிள்ளைகளை வெளியே தூக்கிப்போக ஒரு கால் முளைக்கவைத்தாள். இருட்டில் திசை தெரியாமல் அது வெறும் காலாகவே நீண்டுகொண்டு போனது.

அப்போது கறையான் கடித்த கடியில் மரப்பட்டை பொத்துக்கொண்டது. விடியற்காலை வெளிச்சம் உள்ளே பாய்ந்தது.

"ஐயய்யோ, சுவரு ஓட்டையாயிடுச்சே! கோவிச்சுக்காதேக்கா!"

"கோவமா? சாமி கதவு திறந்திருக்குடி!"

வெளிச்சம் பட்டதும் அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. கால் அந்தப் பக்கமாகத் திரும்பி, ஓட்டை வழியாக வெளியே நிமிர்ந்தது. வெளியே பொடித் தூறல். பிள்ளைகள் நனையுமே! தின்று சேர்த்த சத்தையெல்லாம் காலின் உச்சிக்கு ஏற்றி, வெள்ளைக் குடை ஒன்றை விரித்தாள். அதன் அடியில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்தாள்.

"குடையெல்லாம் பலமா இருக்கே! யாருக்குக்கா கல்யாணம்?" என்று சிரித்தாள் கறையான்.

"பிள்ளைகளை வழியனுப்புறேன்டி."

காற்று வந்தது. "அம்மா, நாங்க போ..." என்று ஆரம்பித்த பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தின. கடைக்குட்டிதான் சரியாகச் சொன்னது: "போயிட்டு வர்றோம்மா."

அந்த ஒரு சொல்லில் அவள் பிடி தானாகத் தளர்ந்தது. "மகராசனா போயிட்டு வாங்க" என்று விட்டுவிட்டாள். சாயங்காலம் குடை சாய்ந்தது. அவள் மனசு நிறைந்து, மிச்சக் கட்டையிலேயே மறுபடி நூலாகப் படுத்துக்கொண்டாள்.

தித்திப்பு இருக்கும்வரை காளான் கட்டையைச் சீண்டாததும், பசியும் வெளிச்சமும் சேர்ந்து வந்து கூப்பிட்டால் குடை விரிப்பதும் அன்று தொடங்கிய வழக்கம்தான். மழை விட்ட காலையில், நேற்று ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு வெள்ளைக் குடை நிற்கிறதா? வர்றோம் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை, சொன்னபடி வந்திருக்கிறது.