உள்ளானுக்குச் சொல்லாத சொல்

பறவையின் பேச்சு மனிதனுக்கும் மனிதனின் பேச்சு பறவைக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், முள்ளித்துறை என்றொரு கடற்கரை ஊர் இருந்தது. ஊர் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு காத தூரக் கரையில் மொத்தமே ஒன்பது வீடு. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்மல் வராது. நல்ல தண்ணீர் ஊறும் இடம் தேடி ஆளுக்கொரு பக்கம் குடிசை போட்டதால் வந்த வினை அது.

அந்த ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கரைவலை. படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை. பக்கத்துக்குப் பத்துப் பேராவது வேண்டும். குழந்தைகளையும் நடக்கமாட்டாதவர்களையும் கழித்தால் ஊரில் தேறுவது பதினொரு பேர். வலைக்குத் தலைவனான உமையணன் மூன்று மாதமாக அதை நனைக்கவே இல்லை. வீடுகளில் நண்டும் கீரையும்தான் சாப்பாடு.

ஐப்பசி பிறந்த ஒரு காலையில் அவன் தங்கை பஞ்சவர்ணமும் அவள் கணவன் அரியமுத்துவும் மூட்டை முடிச்சோடு வந்து நின்றார்கள்.

“மச்சான், தெற்கே பெரிய ஊருக்குப் போறோம். போயிட்டு வர்றோம்னு சொல்ல மனசு வரல. திரும்ப வரமாட்டோம்” என்றான் அரியமுத்து.

“நீங்க ரெண்டு பேரும் போனா மிச்சம் ஒன்பது. ஒன்பது பேரை வச்சு நான் எதை இழுக்கிறது?”

“பதினொரு பேரா இருந்தப்ப மட்டும் என்னத்தை இழுத்தே அண்ணே?” என்றாள் பஞ்சவர்ணம்.

இந்த வீடு கிளம்பினால் மற்றவையும் ஒவ்வொன்றாகக் கிளம்பும், பிறகு கரையில் மணல்தான் இருக்கும் என்று உமையணனுக்குத் தெரியும். “இன்னைக்கு ஒரு தடவை கை கொடுங்க. வலை கரையேறலைன்னா நானே உங்க மூட்டையைத் தலையில தூக்கி விடுறேன்” என்றான்.

அன்று மீன் மிகுந்து கடல் கறுத்துக் கிடந்தது. வலையை வளைத்துவிட்டு, ஒரு கயிற்றை ஆறு பேரும் மறு கயிற்றை ஐந்து பேரும் பிடித்தார்கள். கயிறு ஒரு சாண் வந்தது, ஒரு முழம் போனது.

தாழம்புதர் ஓரத்தில் சின்னப் பறவைகள் ஒரு பெருங்கூட்டமாக உட்கார்ந்திருந்தன. அவை உள்ளான்கள். பனி விழும் வடதேசத்திலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் கரைக்கு வந்திருந்தன. அந்நாளில் அவை நிதானமாக நடக்குமே தவிர ஓடா.

“மூணு நாளாச் சாப்பிடல. ஏதாவது கிடைக்குமா ஐயா?” என்று கேட்டது மூத்த உள்ளான்.

“எங்களுக்கே இல்லை. கயித்தைப் பிடிச்சா பங்கு உண்டு” என்றான் உமையணன்.

அரியமுத்து மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். “ஆள் பஞ்சம்தான் மச்சான், அதுக்காக அரைப்பலம் குருவியையா கூப்பிடுவே?”

“நீ இத்தனை கனம் இருக்கியே, கயிறு நகர்ந்துச்சா?” என்றது உள்ளான். கயிற்றை விடாமலே எல்லோரும் சிரித்தார்கள்.

“அலை உள்ளே போறப்ப கூடவே ஓடிப் புதுப் பிடி பிடிங்க. அலை வர்றப்ப அது தள்ளுற தள்ளோட கரைக்கு இழுங்க” என்று உமையணன் சொல்லிக்கொடுத்தான்.

“சரி. ஆனா எங்க இனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை கொடுத்தவர் வாயால ‘போதும்’னு கேட்காம நிறுத்தமாட்டோம். சம்மதமா?”

கயிறு கையை அறுத்துக்கொண்டு நழுவியது. உமையணன் யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டான்.

நூற்றுக்கணக்கான அலகுகள் கயிற்றைக் கவ்வின. அலையோடு போவதும் அலையோடு வருவதுமாக உச்சிவேளைக்குள் வலை கரையேறியது. வலையின் அடிப்பையான மடி வெடிக்கிற அளவுக்குச் சாளை மீனும் பாரை மீனும். பஞ்சவர்ணம் மூட்டையை அவிழ்த்துக் குழம்புச் சட்டியை வெளியே எடுத்தாள்.

கயிற்றைச் சுருட்டியாயிற்று. உள்ளான்கள் மட்டும் நிற்கவில்லை. வெறும் அலகோடு அலைக்குப் பின்னும் முன்னும் ஓடின.

“ஐயா, அந்தச் சொல்லைச் சொல்லுங்க” என்றது மூத்த உள்ளான்.

உமையணன் வாயைத் திறந்தான். “அண்ணே!” என்று அலறி ஓடிவந்து பஞ்சவர்ணம் அவன் வாயைப் பொத்தினாள்.

முள்ளித்துறையில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. வயிறு நிறைந்தவர் தட்டின்மேல் கையை மறிப்பார், அவ்வளவுதான். தன்னை நம்பிப் பிழைக்கிறவர் வாயால் அதைக் கேட்டால், கடல் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து கொடுப்பதை நிறுத்திவிடும். தலையாட்டியபோது அவனுக்கு இது தோன்றவே இல்லை. வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லாத சொல் எப்படி நினைவில் இருக்கும்?

கையை மறித்துக் காட்டினான். “வந்து சாப்பிடுங்க” என்று கெஞ்சினான். வாக்குக் கொடுத்தவை நிற்கவில்லை. மணல்மேட்டைத் தாண்டி ஓடி, கடலுக்கு முதுகு காட்டி அந்தச் சொல்லைச் சொல்லியும் பார்த்தான். கடலுக்குக் கேட்காத இடத்தில் சொன்னது, கடலோரம் ஓடிய பறவைகளுக்கும் கேட்கவில்லை.

திரும்பி வந்தான். “ஒரே ஒரு சொல்தானே ஐயா?” என்றது உள்ளான்.

“ஒரே சொல்தான். சொன்னா எங்க ஒன்பது அடுப்பும் அணைஞ்சிரும். உங்களுக்கு நான் பெரிய பாவம் பண்ணிட்டேன்.”

உள்ளான் இன்னும் மூன்று அலையோடு ஓடிவிட்டு வந்தது. பிறகு, “சொல்லாட்டிப் போகட்டும். பசிக்குதே, அதுக்கு என்ன செய்ய?” என்றது.

இன்னும் யாருக்கும் பங்கு பிரித்திருக்கவில்லை. உமையணன் ஒரு கூடைப் பொடிமீனை அள்ளிக்கொண்டு அவற்றோடு ஓடி ஓடி ஈரமணலில் வீசினான். கேலி பேசிய அரியமுத்துவும் இன்னொரு கூடையோடு பின்னால் ஓடினான். பறவைகள் ஓட்டத்தை விடாமல் கொத்தித் தின்றன. முழங்கால் மடங்கி விழும்வரை உமையணன் நிற்கவில்லை.

அன்று முதல்தான் உள்ளான்கள் அலை போனால் பின்னால் ஓடுகின்றன, வந்தால் முன்னால் ஓடுகின்றன, ஓட்டத்திலேயே இரை கொத்துகின்றன. முள்ளித்துறைக்காரர்களும் வலை கரையேறியதும் முதல் கூடையை ஈரமணலில் வீசுகிறார்கள், வீசும்போது அந்தப் பறவைகளின் முகத்தைப் பார்ப்பதில்லை.