அசையாத பீஸ்

கோயமுத்தூர் கணபதிப் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு பின்னால் ஒரு லேத் பட்டறை இருக்கும். நாச்சிமுத்துவுக்கும் ஒன்று இருந்தது. ஒரு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின், ரெண்டு மச்சினன்கள். மிஷின்கள் பரவாயில்லை.

மூத்தவன் ஆறுச்சாமி. இளையவன் குப்புராஜ். குப்புராஜ் எட்டாவது வரைக்கும் படித்தவன் என்பதால் சந்தேகம் கேட்பது அவன் பொறுப்பு.

இவர்கள் செய்த எதுவும் இதுவரை எதிலும் பொருந்தியதில்லை. நாச்சிமுத்துவின் பெண்டாட்டி தெய்வாத்தா பொறுத்துப் பார்த்தாள். இந்த ஆர்டரும் கெட்டால் பட்டறையைக் காலி பண்ணி எருமை கட்டிவிடுவேன் என்றாள். சும்மா மிரட்டவில்லை. எருமையை வாங்கிப் பட்டறைக்கு எதிரில் கட்டியே விட்டாள். அது பட்டறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஆர்டர் ஒன்றும் பெரிய விஷயமில்லை. பம்ப் கம்பெனி ஃபோர்மேன் சாமிதாஸ் ஒரு வார்ப்பு இரும்பு பீஸைக் கொண்டுவந்தார். துளை போடும்போது அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள ஒரு ஃபிக்சர் செய்து, நாலு மூலையிலும் துளை போட்டு வையுங்கள் என்றார். அதோடு போயிருக்கலாம். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லித் தொலைத்தார்.

"பீஸ் துளிகூட அசையக் கூடாது. மத்ததெல்லாம் அப்புறம்."

நாச்சிமுத்துவுக்கு எருமை கண்ணுக்குள்ளேயே நின்றது. தகடு வெட்டி, போல்ட் முறுக்கி, ஃபிக்சரில் பீஸை இறுக்கினான். பீஸ் அசையவில்லை, ஃபிக்சர் அசைந்தது. ஃபிக்சரை டேபிளோடு வெல்டிங் வைத்தார்கள். டேபிள் அசைந்தது. டேபிளைத் தரையோடு காங்கிரீட் போட்டு இறுக்கினார்கள். இனிமேல் என்ன அசையும் என்று டீ குடிக்க உட்கார்ந்தபோது குப்புராஜ் டம்ளரைக் கீழே வைத்தான்.

"மாமா, பூமி சுத்துதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க."

நாச்சிமுத்துவும் டம்ளரைக் கீழே வைத்தான். "எப்ப இருந்துடா?"

"முந்தியே சுத்திட்டுத்தான் இருக்குதாமா."

"காங்கிரீட் போடறதுக்கு முன்னாலயே சொல்றதுக்கென்ன மாப்ள?"

ஆறுச்சாமி தாடையைச் சொறிந்தான். "ராத்திரில நிக்குமில்ல?"

அது குப்புராஜுக்குத் தெரியவில்லை. அவன் பகலில்தான் பள்ளிக்கூடம் போனான்.

ரொம்ப நேரம் யோசித்தார்கள். பூமி ஒரு பக்கம் சுற்றினால் நாம் மறுபக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. ஃபிக்சரில் லாரிக் கயிற்றைக் கட்டி, முறை வைத்து இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

சாமிதாஸ் திரும்பி வந்தபோது ஆறுச்சாமி முறை. சுவரில் காலை உதைத்துக்கொண்டு கயிற்றோடு மல்லாந்து தொங்கினான். சாமிதாஸ் அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். பீஸை ஆட்டிப் பார்த்தார். சுத்தியலால் தட்டிப் பார்த்தார். அப்படியே இருந்தது.

"அட, பரவாயில்லையே" என்றார். கல்யாணம் ஆன நாளில்கூட நாச்சிமுத்து அப்படிப் பூரித்ததில்லை.

"சரி, துளை எங்கய்யா?"

"டிரில்லு பட்டதும் நடுங்குச்சுங்க சார். அதனால போடலீங்க. மத்ததெல்லாம் அப்புறம்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"பீஸைக் கழட்டிக் குடுய்யா, நான் போறேன்."

"எப்படீங்க? கழட்டுனா அசையுமுங்களே."

சாமிதாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். தெய்வாத்தா நேராகப் போய் எருமையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

எருமை பட்டறை வாசல்வரை வந்தது. கயிற்றில் தொங்குகிற ஆறுச்சாமியைப் பார்த்தது. அங்கேயே குறுக்கே படுத்துக்கொண்டது. தெய்வாத்தா முன்னால் இழுத்தாள். வெளியே போக வழியில்லாமல் சாமிதாஸ் பின்னாலிருந்து தள்ளினார். குப்புராஜ் வாலை முறுக்கினான். ஊஹூம்.

நாச்சிமுத்து கிட்டே போனான். எருமையின் முதுகைத் தட்டிப் பார்த்தான். குனிந்து அடியில் தேடினான். போல்ட் இல்லை, வெல்டிங் இல்லை, காங்கிரீட் இல்லை. கயிற்றை இழுத்துப் பிடிக்கவும் ஆள் இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மிணி," என்றான் மெதுவாக, "இத எந்தப் பட்டறையில பண்ணுனாங்க?"